கொள்முதலில் தோற்கும் கடைத்தெரு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம். இந்த 40 கிலோமீட்டர் இரண்டு ஊர் வியாபாரிகளையும் ஒரு தலைமுறைக் காலம் படுத்தி எடுத்தது. டி.வி., ஃபிரிட்ஜ், டைல்ஸ், மோட்டார் பைக் எதுவானாலும் கடைக்கு வந்து விலை கேட்பார்கள். 'பாண்டியில வரி கம்மியாச்சே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார்கள். வீடு கட்டுகிறவரும், பெண்ணுக்குச் சீர் வாங்குகிறவரும் வேன் பிடித்துப் பாண்டிக்குப் போய்வருவது இந்தப் பக்கத்தில் சாதாரணமாக இருந்தது. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. பெட்ரோல், மது நீங்கலாகப் பெரும்பாலான பொருள்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே வரி என்றானது. பாண்டிப் போட்டியின் கூர் மழுங்கியது.

ஆனால், அதற்குள் புதிய போட்டி வாடிக்கையாளரின் சட்டைப் பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

2014-ஐ செல்போன் கடைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் மோட்டோ ஜி போன் இந்தியாவில் ஃபிளிப்கார்ட் தளத்தில் மட்டும் விற்பனைக்கு வந்தது. ஜூலையில் ஷாவ்மி அதே வழியில் நுழைந்தது. அக்டோபர் 6-ம் தேதி முதல் 'பிக் பில்லியன் டே'. விலை கூடுதல் என்றால் வாடிக்கையாளரிடம் பேசிப் பார்க்கலாம். லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பையன்கள் பெயர் சொல்லிக் கேட்கும் போன் கடைக்கே வராது என்றால் என்ன பேசுவது? திண்டிவனம் நேரு வீதியானாலும் விழுப்புரம் எம்.ஜி. ரோடானாலும், கடைக்காரர் தோற்றது விலையில் என்பதைவிட, சரக்கு கைக்கு வருவதற்கு முந்தைய கட்டத்தில். அன்று செல்போனில் தொடங்கிய அந்தக் கதை இன்று சோப்பு, டீத்தூள் வரை வந்திருக்கிறது.

கமிட்டியிலிருந்து கடைத்தெருவுக்கு

விழுப்புரம், திண்டிவனம் இரண்டுமே போக்குவரத்தால் வளர்ந்த ஊர்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசை ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு விழுப்புரம். 1993-ல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது மாவட்டத் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கல்லூரிகள் என்று ஆள் நடமாட்டம் கூடியது. திண்டிவனத்தில் சென்னைச் சாலையோடு புதுச்சேரி, செஞ்சி, மரக்காணம், வந்தவாசிச் சாலைகள் சேர்கின்றன. சாலைகள் நன்றானதில் ஒரு நஷ்டமும் உண்டு. தொலைதூரப் பேருந்துகள் பலவும் ஊருக்குள் வராமல் மேம்பாலத்தருகே ஆளை இறக்கிவிட்டுப் பறக்கின்றன. கல்யாணப் பட்டுக்கு தி.நகர் போய் இரவே வீடு திரும்பிவிட முடிகிறது.

அப்படியிருந்தும் கடைத்தெரு நிற்கிறதென்றால், அதற்குச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் காரணம். இது நெல்லும் வேர்க்கடலையும் விளையும் பூமி. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; டி.எம்.வி. என்று தொடங்கும் வேர்க்கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். அறுவடை முடிந்ததும் மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போகும். ஊர்க்காரர்கள் வாயில் அது 'கமிட்டி'. தை, மாசியில் விழுப்புரம் கமிட்டிக்கு முன்னால் நெல் மூட்டை வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அங்கே கைக்கு வரும் பணம் முதலில் உரக்கடை பாக்கிக்கும் அடகுக்கடைக்கும் போகும். பிறகு மளிகை பாக்கி. மிச்சத்தில் துணிமணி, பாத்திரம், பிள்ளைக்கு ஒரு சைக்கிள். மாதச் சம்பளக்காரர் ஒன்றாம் தேதியை எதிர்பார்ப்பார். இந்தக் கடைகள் எதிர்பார்ப்பது அறுப்பை.

இடைப்பட்ட மாதங்களைத் தாங்கிப் பிடிப்பது கணக்கு நோட்டு. நீளவாக்கில் மடித்த, அட்டை கிழிந்த நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். பெயருக்குப் பதில் பெரும்பாலும் அடையாளம்தான் எழுதியிருக்கும்: மேலத்தெரு, மெக்கானிக் வீடு, டீச்சரம்மா. தேதி, சாமான், தொகை. கொடுத்த பணத்துக்கு ஒரு கழித்தல். கணக்கு தீர்ந்தால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. 'கடன் அன்பை முறிக்கும்' என்று கல்லாவுக்கு மேலே போர்டு மாட்டிய கடையிலும் கல்லாவுக்குக் கீழே இந்த நோட்டு இருக்கும். 'அறுப்பு முடியட்டும் அண்ணாச்சி' என்ற சொல்லே இதற்கு ஜாமீன்.

ஆன்லைன் நிறுவனங்களும் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்கின்றன. ஆனால், அதற்கு ஆதாரும் பான் எண்ணும் கடன் மதிப்பெண்ணும் வேண்டும். தவணை தவறினால் அபராதம் ஏறும். மழை பொய்த்த வருஷத்தில் இரண்டு மாதம் தள்ளிக்கொடுக்கும் ஏற்பாடு அந்தச் செயலிகளில் இல்லை.

சரி, அண்ணாச்சிக்கு அந்த நோட்டால் லாபமா? அங்கேதான் சிக்கல். கம்பெனிச் சரக்கு கொண்டுவரும் ஏஜென்ஸிக்காரர் கையில் காசு கேட்பார். மிஞ்சினால் ஒரு வாரம், பத்து நாள் தவணை. கிராமத்து பாக்கி வசூலாக மூன்று மாதம் ஆகும். நடுவிலுள்ள நாள்களுக்கான வட்டி கடைக்காரர் தலையில். வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கும் அதே நோட்டு, மொத்தமாகப் பணம் கட்டிச் சரக்கெடுத்துத் தள்ளுபடி வாங்கும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

சரம் சரமாகத் தொங்கும் பாதுகாப்பு

கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளுக்கும் இந்த மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு வித்திட்டார். அவர் பிள்ளைகள் வெல்வெட், சிக் ஷாம்புகளை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய சிக் இந்தியா, பின்னாளில் கெவின்கேர் ஆனது. பன்னாட்டு நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தாக வேண்டியிருந்தது.

இந்தப் பாக்கெட் வியாபாரம் சிறு கடைக்குக் கிடைத்த பெரிய அரண். பெரிய கடையின் தள்ளுபடியெல்லாம் ஒரு கிலோ, இரண்டு லிட்டர், 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற அளவுகளில்தான். அன்றாடக் கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு வேண்டியது ஒரு பாக்கெட் ஷாம்பு, ஐந்து ரூபாய்க் காபித்தூள், நூறு கிராம் துவரம்பருப்பு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துக் கட்டுப்படியாகும் ஆன்லைன் நிறுவனம் எதுவும் கிடையாது.

மண்டிச் சரக்கிலும் சிறு கடை சளைத்ததில்லை. பருப்பும் மிளகாயும் விருதுநகர் விலையைப் பார்த்து நகரும்; அரிசி பக்கத்து ஆலையிலிருந்து வரும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றதும், ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. இந்த மாதிரி நெளிவு சுளிவுகளில் ஊர் வியாபாரியை மிஞ்ச ஆளில்லை.

நூறு ரூபாய் டப்பாவின் கணக்கு

அடிவிழுவது கம்பெனிச் சரக்கில். ஒரு கணக்குக்கு, 100 ரூபாய் என்று அச்சிட்ட ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுப்பது விநியோகஸ்தருக்கு. அவர் தன் கமிஷன் போக அண்ணாச்சிக்கு 90 ரூபாய்க்குப் போடுகிறார். பத்து ரூபாயில் கடை வாடகை, கரன்ட் பில், ஆள் சம்பளம், பாக்கி வட்டி எல்லாம் அடங்க வேண்டும். பழகிய முகம் என்று இரண்டு ரூபாய் குறைத்தால் மிஞ்சுவது எட்டு. அதே டப்பா பைபாஸ் பக்கத்துப் பெரிய கடையில் 85. அண்ணாச்சியின் கொள்முதல் விலையைவிட அங்கே விற்பனை விலை குறைவு! சிறு கடைக்காரர்களே ஆஃபர் நாளில் பெரிய கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து தங்கள் கடையில் அடுக்குவது பல ஊர்களிலும் நடக்கிறது. 'ஒருவருக்கு இத்தனைதான்' என்ற அறிவிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய கடைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? விநியோகஸ்தர் என்ற படியே அங்கு இல்லை. லாரி லாரியாக எடுப்பதற்குத் தனிக் கழிவு, அலமாரியில் கண்ணில் படும் இடத்துக்குத் தனித் தொகை, விளம்பரச் செலவில் பங்கு. 2002-ல் தொடங்கிய டிமார்ட்டுக்கு 2025 மார்ச் முடிவில் நாடெங்கும் 415 கடைகள்; ரிலையன்ஸ் ரீடெய்லுக்கு 19,000-க்கும் மேல். இத்தனை கடைகளுக்கும் சேர்த்து விலை பேசுகிறவரும், பத்துப் பெட்டி எடுக்கிறவரும் கம்பெனி முன்னால் ஒன்றாக முடியாது.

இதில் நசுங்குவது கடைக்காரர் மட்டுமில்லை. டெம்போ வைத்து ஊர் ஊராகச் சரக்குப் போடும் விநியோகஸ்தரும்தான். 2021 இறுதியில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு முன்னணி உற்பத்தியாளர்களுக்குக் கடிதம் எழுதியது. ஜியோமார்ட் போன்ற மொத்த விற்பனைத் தளங்களுக்கு என்ன விலையோ அதே விலை எங்களுக்கும் வேண்டும். இல்லையென்றால் 2022 ஜனவரி 1 முதல் ஒத்துழையாமை என்றது. மகாராஷ்டிரத்தில் சில பொருள்களின் விநியோகம் நிறுத்தப்படும் அளவுக்கு அது போனது. பிறகு பேச்சுவார்த்தை, சமாதானம். அடிப்படைக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: ஒரே கம்பெனி, ஒரே பொருள், ஆளுக்கொரு விலையா?

சாய்ந்த ஜாம்பவான்கள்

பெரிய கடைகள் எல்லாம் நிலைத்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. 1997-ல் திருவான்மியூரில் தொடங்கிய சுபிக்ஷா, நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள் வரை விரிந்து, 2009-ல் சம்பளம் கொடுக்கவும் பணமில்லாமல் இழுத்து மூடியது. 2001-ல் பிறந்த பிக் பஜார், 2022-ல் வாடகை பாக்கியில் கடைகளை ரிலையன்ஸிடம் பறிகொடுத்தது. கடன் வாங்கிக் கடை திறந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டும் சாட்சி.

இன்றைய ஜாம்பவான்கள் சிலர் சிறு ஊர்க் கடைகளாக இருந்தவர்கள் என்பதும் உண்மை. போத்தீஸின் பூர்வீகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1923-ல் தொடங்கிய ஜவுளிக் கடை. எச்.வசந்தகுமார் 1978-ல் தொடங்கிய வசந்த் அண்ட் கோ, மாதத் தவணை முறையால் நடுத்தரக் குடும்பங்களின் கடையானது. கணக்கு நோட்டின் சற்றே நாகரிகமான வடிவம்தான் அது. அவர்களெல்லாம் வளர்ந்த காலத்தில், உற்பத்தியாளரே நேரடியாக வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மே 5-ன் பலம்

தமிழக வணிகர்களுக்கு அமைப்பு பலம் உண்டு. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினம். கடையடைத்துவிட்டு மாநாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2012 செப்டம்பரில் மத்திய அரசு கதவைத் திறந்தபோது, த.வெள்ளையன் தலைமையிலான வணிகர் பேரவையும், ஏ.எம்.விக்கிரமராஜா தலைமையிலான வணிகர் பேரமைப்பும் எதிர்த்து நின்றன. முதல்வர் ஜெயலலிதா தமிழகத்தில் அதை அனுமதிக்க முடியாது என்றார். வால்மார்ட் அந்த வாசல் வழியாக வரவில்லை. 2018-ல் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கி, செல்போன் வழியாக வந்தது.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தார்கள். உள்ளூர்க் குளிர்பானமான பொவண்டோவுக்குப் புது வாழ்வு வந்தது. சில மாதங்களில் வெளிநாட்டுப் பானங்கள் மறுபடி குளிர்பெட்டிக்குள் ஏறிவிட்டன. ஆனால், கடைகள் ஒன்றாக நின்றால் எவ்வளவு பெரிய கம்பெனியும் திரும்பிப் பார்க்கும் என்பது தெரிந்தது. 2024-லும் அதைப் பார்த்தோம். லாபவிகிதம் கட்டுப்படியாகவில்லை என்று தென்னிந்திய செல்போன் சங்கிலிக் கடைகளின் சங்கம் மே 1 முதல் ஒன்பிளஸ் விற்பதில்லை என்று அறிவித்தது. சுமார் 4,500 கடைகள் அதில் அடக்கம்.

வெள்ளையன் 2024 செப்டம்பரில் மறைந்தார். 2025 மே 5 மாநாட்டைப் பேரமைப்பு மதுராந்தகத்தில் நடத்தியது. திண்டிவனத்திலிருந்து சென்னைச் சாலையில் சிறிது நேரப் பயணம்தான். முதல்வர் மு.க.ஸ்டாலின் வந்து சலுகைகளை அறிவித்தார். வணிகர் நல வாரிய நிதியுதவியும் 24 மணி நேரமும் கடை திறக்கும் அனுமதியும் தேவைதான். கொள்முதல் விலையில் சமநீதி என்ற கோரிக்கைக்குச் சட்ட வடிவம் கொடுக்க, இனிமேல்தான் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

அமெரிக்காவில் 1936-லேயே

முன்மாதிரி இல்லாமல் இல்லை. சங்கிலிக் கடைகள் அண்ணாச்சிக் கடைகளை விழுங்குகின்றன என்று 1930-களில் அமெரிக்காவிலேயே கூக்குரல் எழுந்தது. 1936-ல் ராபின்சன்-பேட்மேன் சட்டம் வந்தது. ஒரே பொருளைப் பெரிய கடைக்கு ஒரு விலை, போட்டியில் இருக்கும் சிறிய கடைக்கு வேறு விலை என்று தக்க காரணமின்றி விற்கக் கூடாது என்பது அதன் சாரம். 1980-களுக்குப் பிறகு அது பரணில் தூங்கியது. 2025 ஜனவரியில், வால்மார்ட்டுக்குச் சாதகமான விலை கொடுத்ததாக பெப்சி மீது அரசு அமைப்பே இந்தச் சட்டப்படி வழக்குப் போட்டது. ஆட்சி மாறியதும் மே மாதம் வாபஸ் வாங்கிவிட்டது. சட்டம் இருந்தும் மனசு வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

இந்தியாவில் 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம், சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் பாரபட்ச விலை வைத்தால் மட்டுமே கேள்வி கேட்கும். ஆதிக்கம் என்று நிரூபிப்பதற்குள் கடைக்காரருக்கு வயதாகிவிடும். அமேசான், ஃபிளிப்கார்ட் மீது டெல்லி வணிகர்கள் கொடுத்த புகாரில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது 2020 ஜனவரியில். அதற்கு எதிராக நீதிமன்றங்களில் நடந்த இழுபறி பல ஆண்டுகள் நீண்டது.

சிறு கடைக்காரர் ஆன்லைனில் தானே விற்கலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல். விற்றுமுதல் ஜி.எஸ்.டி. வரம்புக்குக் கீழே இருந்தாலும், ஆன்லைன் தளத்தில் பொருள் விற்கப் பதிவு கட்டாயம் என்றிருந்தது. சொந்த மாநிலத்துக்குள் விற்பதற்கு அந்தக் கட்டாயம் நீங்கியது 2023 அக்டோபர் 1-ல்தான். போட்டி தொடங்கி ஒன்பது வருஷம் கழித்து!

கடைத்தெருவுக்குள் தீர்வு

வால்மார்ட் தன் முதல் கடையை 1962-ல் திறந்தது நியூயார்க்கில் இல்லை. ஆர்கன்ஸாவில் ரோஜர்ஸ் என்ற சிற்றூரில். பிறகு அது நுழைந்த சிற்றூர்களின் வியாபாரத்தை அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். வால்மார்ட் விற்கும் அதே பொருளை விற்ற கடைகள் அடிவாங்கின. அது விற்காத பொருளையும் சேவையையும் கொடுத்த கடைகளுக்கு, பெரிய கடைக்கு வந்த கூட்டத்தால் ஆதாயம்கூடக் கிடைத்தது.

நம் ஊர்களுக்கும் இது பொருந்துகிறது. மோட்டாருக்குக் காயில் கட்டித் தருபவர், ரெடிமேட் வாங்கிவந்தாலும் அளவு பிடித்துத் தைத்துக் கொடுக்கும் டெய்லர், பயிரின் இலையைப் பார்த்து மருந்து சொல்லும் உரக்கடைக்காரர் ஆகியோருக்கு வேலை குறையவில்லை. மளிகைக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கி, மாலைக்குள் பையனிடம் கொடுத்தனுப்புகிறார்கள். அந்தப் பையன் கிடைப்பதுதான் கஷ்டம். கிராமத்து இளைஞர்கள் கடையில் நிற்பதைவிட கூரியர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகத்தான் விரும்புகிறார்கள்.

அவசரத்துக்கு யார் என்ற கேள்விக்கும் இரண்டு முறை பதில் கிடைத்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை வழியாகப் பரவிய கொரோனாவால் விழுப்புரம் மாவட்டம் முடங்கியபோது வீட்டுக்கு அரிசி வந்தது தெருமுனைக் கடையிலிருந்து. 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டி, நெடுஞ்சாலையும் ரயிலும் நின்றபோது, ஆன்லைன் பார்சல் வரச் சாலையே இல்லை.

சேவையும் பழக்கமும் கடையைக் காப்பாற்றும். ஆனால், நூறு ரூபாய் டப்பாவின் கணக்கை அவை மாற்றாது. அதற்குக் கடைக்காரர்கள் கையிலேயே உள்ள வழி, ஐம்பது கடைகள் சேர்ந்து ஒரே கடையாகக் கொள்முதல் செய்வது. நமக்கு இது புதிதும் இல்லை. 1904-லேயே திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மொத்தமாக வாங்கி நியாய விலைக்கு விற்றுக் காட்டியவர்கள் நம் ஆட்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வணிகர் சங்கம் இருக்கிறது. வாடகைக்குக் கிட்டங்கி கிடைக்கும். கணக்கு வைக்கச் செல்போன் போதும். இல்லாதது, பக்கத்துக் கடைக்காரரிடம் தன் கொள்முதல் விலையைச் சொல்லும் மனசு. அதுதான் ரகசியம் என்று கட்டிக்காத்த காலம் போய்விட்டது. பெரிய கடையின் விலைப்பட்டியல் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது.

அடுத்த மே 5-க்குள் இரண்டு ஊர்ச் சங்கங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதிகம் விற்கும் இருபது கம்பெனிப் பொருள்களை எடுத்துக்கொண்டு, தாங்கள் வாங்கும் விலையையும் பெரிய கடையில் விற்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பில்லோடு ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கொடுக்கலாம். பெரிய கடைக்குக் கொடுக்கும் விலையை எங்களுக்கும் கொடு என்று அதே பட்டியலைக் கம்பெனிகளிடமும் நீட்டலாம். மாநாட்டுப் பந்தலில் போடும் நூறு தீர்மானங்களைவிட, அந்த ஒரு பக்கப் பட்டியலுக்குப் பதில் சொல்வது அரசுக்கும் கம்பெனிகளுக்கும் சிரமமாக இருக்கும்.